கேஸ்மென்ட் பார்க்: ஓர் அரங்கத்தின் அளவை யார் தீர்மானிக்கிறார்கள்?

1. கேள்வி

பெல்ஃபாஸ்ட் நகரின் மேற்குப் பகுதியில், ஆண்டர்சன்ஸ்டவுன் சாலையை ஒட்டியிருக்கும் கேஸ்மென்ட் பார்க்கில் கடைசியாக ஆட்டம் நடந்தது 2013-இல். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று சொல்லித்தான் கதவைப் பூட்டினார்கள். அதன் பிறகு இரண்டு கட்டட அனுமதிகள் வந்தன; முதலாவதை நீதிமன்றம் ரத்து செய்தது. வட அயர்லாந்தின் மாகாண ஆட்சி இரண்டு முறை முடங்கியது. கட்டுமான ஒப்பந்தத்தில் பங்காளியாக இருந்த ஒரு நிறுவனம் நொடித்துப்போனது. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி ஒன்று வாய்த்து, கைநழுவியும் போனது. ஏறத்தாழ 7.75 கோடி பவுண்டில் முடிந்துவிடும் என்று தொடங்கிய வேலைக்கு 40 கோடிக்கு மேல் ஆகலாம் என்று 2024-இல் லண்டன் அரசு கணக்குச் சொன்னது.

இத்தனை தாமதம் ஏன் என்ற கேள்விக்கு, வட அயர்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களிடம் விடை கைவசம் இருக்கும். கத்தோலிக்கர்களின், அயர்லாந்து தேசியவாதிகளின் விளையாட்டுக்கு அரங்கம் கட்ட, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் புராட்டஸ்டன்ட் ஒன்றியவாதிகள் விடவில்லை என்பது அந்த விடை. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நிகழ்வுகளைக் கால வரிசைப்படி அடுக்கிப் பார்த்தால் அது பாதிக் கதையைத்தான் சொல்கிறது என்பது தெரியும். இந்த அரங்கத்தில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பதை எவை தீர்மானித்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தாமதத்தின் வேர் அந்த எண்ணில் இருக்கிறது என்பது என் வாதம்.

2. இதுவரையிலான விளக்கங்கள்

கேஸ்மென்டில் ஆடப்பட்ட ஆட்டங்களை நடத்தும் கேலிக் தடகளக் கழகம் 1884 நவம்பர் 1 அன்று டிப்பரெரி கவுண்டியின் தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் கூடிய சிறு கூட்டத்தில் உருவானது. ஹர்லிங், கேலிக் கால்பந்து ஆகிய இரண்டும் அதன் முதன்மையான ஆட்டங்கள். ஹர்லிங்கில் ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டையால் சிறு பந்தை வானுயர அடித்து விரட்டுவார்கள். கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் எடுத்துச் செல்லலாம். பங்குக்கோயில் வட்டாரத்துக்கு ஒரு கிளப், அதற்கு மேல் கவுண்டி அணி, அதற்கு மேல் மாகாணம், உச்சியில் அகில அயர்லாந்துக் கோப்பை என்பது அமைப்பு. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. 82,000 பேர் அமரும் டப்ளினின் குரோக் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர், திங்கட்கிழமை பள்ளியில் பாடம் எடுக்கப் போவார்.

இக்கழகத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் இரு திசைகளில் நடந்திருக்கிறார்கள். டபிள்யூ. எஃப். மாண்டில் 1987-இல் வெளியிட்ட நூல், கழகத்தின் முதல் நாற்பது ஆண்டுகளைத் தேசியவாத அரசியலோடு பிணைத்து வாசித்தது. ஜான் சக்டனும் ஆலன் பெய்ர்னரும் 1993-இல் எழுதிய நூல் வட அயர்லாந்தின் விளையாட்டுகளைச் சமூகப் பிளவின் கண்ணாடியாகவும், அந்தப் பிளவை மீண்டும் மீண்டும் உற்பத்தி செய்யும் கருவியாகவும் காட்டியது. மைக் குரோனின் 1999-இல் எழுதிய நூலோ, விளையாட்டும் தேசியமும் இறுகிப்போன ஒரே உறவில் நிற்பதில்லை, காலமும் இடமும் மாற அந்த உறவும் மாறுகிறது என்று வற்புறுத்தியது.

கேஸ்மென்ட் பார்க்கைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் முதல் திசையிலேயே போகிறது. மைதானம் என்பதே ஒரு கொடி என்று எடுத்துக்கொண்டால், அதை ஏற்றுவோர், இறக்குவோர் என்று இரண்டே தரப்புகள்தான் கண்ணில் படும். பின்தோட்டச் சுவருக்கு அப்பால் 38,000 பேர் வந்து குவியப்போகிறார்கள் என்று கவலைப்பட்ட வீட்டுக்காரருக்கு அந்தச் சித்திரத்தில் இடமில்லை. குரோனின் காட்டிய வழி இங்கே கூடுதலாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

3. கொரிகனிலிருந்து ஆண்டர்சன்ஸ்டவுனுக்கு

அன்ட்ரிம் கவுண்டியின் ஆட்டங்கள் முதலில் மேற்கு பெல்ஃபாஸ்டின் வைட்ராக் சாலையிலுள்ள கொரிகன் பார்க்கில் நடந்தன. 1943-இல் ஹர்லிங்கின் பெருந்தலைகளில் ஒன்றான கில்கென்னியை அகில அயர்லாந்து அரையிறுதியில் அன்ட்ரிம் வீழ்த்தியது அந்தச் சிறிய மைதானத்தில்தான். இறுதியாட்டத்தில் கார்க்கிடம் தோற்றது வேறு விஷயம். சொந்த ஊரின் நெருக்கமான மைதானம் ஓர் அணிக்கு என்ன தரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அன்ட்ரிமின் வரலாற்றில் இல்லை. இன்றைய விவாதத்தில் இது அதிகம் நினைவுகூரப்படுவதில்லை.

கேஸ்மென்ட் பார்க் 1953 ஜூன் 14 அன்று திறக்கப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர்தான் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா நடந்திருந்தது. நகரின் ஒரு பாதி இன்னும் தோரணங்களைக் கழற்றாத நேரம். மறு பாதி, ராஜதுரோகக் குற்றத்துக்காக 1916 ஆகஸ்ட் 3 அன்று லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்டின் பெயரைத் தன் மைதானத்துக்குச் சூட்டியது. தேசியவாதக் கொடிகளைக் காட்டுவதைக் கட்டுப்படுத்திய சட்டம் வட அயர்லாந்தில் அடுத்த ஆண்டே வந்தது.

கேஸ்மென்ட் தமிழ் வாசகர்களில் சிலருக்கு மரியோ வர்கஸ் யோசாவின் 2010 நாவல் வழியாக அறிமுகமானவர். பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்து, காங்கோவில் ரப்பருக்காக நடந்த கொடுமைகளை 1904-இல் அறிக்கையாக்கியவர். பிறகு அமேசானின் புட்டுமாயோ பகுதியிலும் அதே வேலையைச் செய்தவர். 1911-இல் சர் பட்டம் பெற்றவர். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் வந்து 1916 ஏப்ரலில் கெரி கடற்கரையில் இறங்கியபோது பிடிபட்டார். பிறந்தது டப்ளின் அருகே என்றாலும் இளமையில் வளர்ந்தது அன்ட்ரிமில், அதுவும் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில். அன்ட்ரிம் பள்ளத்தாக்குகளில் 1904-இல் தொடங்கிய கேலிக் பண்பாட்டு விழாவுக்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். ஆகவே 1953-இல் சூட்டிய பெயர் அன்ட்ரிம் மண்ணோடு உண்மையான தொடர்புடையது. ஆனால் அந்த மண்ணின் புராட்டஸ்டன்ட் மகன் என்ற பகுதி விழா மேடையிலேயே மங்கிவிட்டது. தேசியத் தியாகி என்ற பகுதி மட்டும் தங்கியது. பின்னாளில் ஒன்றியவாதிகள் அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

புதிய மைதானத்தின் கொள்ளளவு பிற்காலக் கணக்கில் 32,000-க்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி நின்று பார்க்கும் சிமென்ட் படிக்கட்டுகள். ஒன்பது கவுண்டிகள் அடங்கிய அல்ஸ்டர் மாகாணத்தின் கேலிக் கால்பந்து இறுதியாட்டங்கள் சிலவற்றை 1970களின் தொடக்கம் வரை அது நடத்தியது. பிறகு அந்த ஆட்டம் எல்லைக்குத் தெற்கே, மோனஹன் கவுண்டியின் க்ளோனஸ் ஊருக்குப் போய்விட்டது. அன்று போனதுதான் இன்றைய வழக்கின் அடிப்படை. கட்டுரையின் முடிவில் அதைப் பார்ப்போம்.

4. கலவரக் காலம்

மேற்கு பெல்ஃபாஸ்டில் 1969 முதல் முப்பது ஆண்டுகள் எப்படி இருந்தன என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இங்கே இரண்டு செய்திகள் போதும். 1972-இல் பிரிட்டிஷ் ராணுவம் கேஸ்மென்ட் பார்க்கைத் தன் முகாமாக ஆக்கிக்கொண்டது. ஆடுகளத்தில் ராணுவ வண்டி நின்றால் அது வெறும் புல்வெளிச் சேதம் என்று அந்த ஊர்க்காரர் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 1988 மார்ச் 19 அன்று, தேசியவாத ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.-வின் உறுப்பினர் ஒருவரது சவ ஊர்வலத்துக்குள் சாதாரண உடையில் காரோட்டி வந்துவிட்ட இரண்டு பிரிட்டிஷ் ராணுவக் கார்ப்பரல்களைக் கூட்டம் இழுத்துப்போய் இந்த மைதானத்துக்குள் அடித்து நொறுக்கியது. பிறகு பக்கத்துக் காலி மனையில் அவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வானிலிருந்து ஹெலிகாப்டர் கேமரா அதைப் பதிவு செய்தது. பிரிட்டனில் பலருக்குக் கேஸ்மென்ட் பார்க் என்ற பெயர் அறிமுகமானதே அன்றைக்குத்தான்.

ஒரு தரப்புக்கு அது ராணுவம் ஆக்கிரமித்த மைதானம், மறு தரப்புக்கு இரு வீரர்கள் சித்திரவதைக்குள்ளான இடம். இரண்டும் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் எழுத்துதான் அதிகம் கிடைக்கிறது. பாதுகாப்புப் படையினர் கழகத்தில் உறுப்பினராகக் கூடாது என்ற 21ஆம் விதியைக் கழகம் 2001-இல் நீக்கியது. அதன் பிறகும் பெயரின் கனம் குறையவில்லை.

5. மேஸ் திட்டமும் 38,000 என்ற எண்ணும்

சமாதானத்துக்குப் பின் வந்த யோசனை, மூன்று ஆட்டங்களுக்கும் பொதுவாக ஒரே அரங்கம் என்பது. கால்பந்து, ரக்பி, கேலிக் ஆட்டங்கள் மூன்றும் லிஸ்பர்ன் அருகே பழைய மேஸ் சிறை வளாகத்தில், ஏறத்தாழ 40,000 பேர் கொள்ளும் அரங்கைப் பகிர்ந்துகொள்ளும் என்றார்கள். 1981-இல் பத்துத் தேசியவாதக் கைதிகள் உண்ணாவிரதம் இருந்து செத்த இடம் அது. அங்கே எழப்போவது அரங்கமா, அவர்களுக்கான நினைவாலயமா என்று சர்ச்சை கிளம்பியது. 2009 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

அது கைவிடப்பட்ட விதத்தைவிட, அதற்குப் பதிலாக வந்தது முக்கியமானது. 2011 மார்ச்சில் மாகாண அரசு ஏறத்தாழ 11 கோடி பவுண்டை மூன்று கழகங்களுக்கும் பிரித்தது. ரக்பிக்கு ரேவன்ஹில், கால்பந்துக்கு விண்ட்சர் பார்க், கேலிக்குக் கேஸ்மென்ட். கேஸ்மென்டின் பங்கே பெரியது: 6.25 கோடி வரை. கழகம் தன் கையிலிருந்து 1.5 கோடி போடும். வரைபடத்தில் கொள்ளளவு 38,000. ரேவன்ஹில் 18,000 பேருக்கு 2014-இல் முடிந்தது. விண்ட்சர் 18,000-க்குச் சற்று மேல், 2016-இல் முடிந்தது.

38,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? அன்ட்ரிமின் சாதாரண ஆட்டங்களுக்குச் சில ஆயிரம் பேர்தான் வருகிறார்கள். அல்ஸ்டர் இறுதியாட்டத்தை க்ளோனஸிலிருந்து மீட்டு பெல்ஃபாஸ்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு என்று நான் வாசிக்கிறேன். கைவிட்ட மேஸ் அரங்கத்தின் அளவை நெருங்கிய ஓர் எண் கேலிக் தரப்புக்குக் கிடைத்தது. பொது அரங்கத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு பங்கு. பெரிய கழகத்துக்குப் பெரிய பங்கு. எண்ணைப் பங்கீடு முடிவு செய்தது. அது அந்த மனைக்குப் பொருந்துமா என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

பொருந்துமா என்பதற்கு ஒரு கறாரான அளவுகோல் இருக்கிறது. மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி ஓர் அரங்கத்தில் எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்பதற்கு நான்கு எண்கள் எடுக்க வேண்டும்: உள்ளே எத்தனை பேர் நுழைய முடியும், எத்தனை பேர் இருக்க முடியும், ஆட்டம் முடிந்து எத்தனை பேர் வெளியேற முடியும், ஆபத்து நேர்ந்தால் எத்தனை பேரைக் குறித்த நேரத்துக்குள் வெளியேற்ற முடியும். நான்கில் எது மிகச் சிறியதோ அதுவே கொள்ளளவு. எவ்வளவு நாற்காலி போட்டாலும் கடைசி எண் சிறியதென்றால் பயனில்லை.

6. நீதிமன்றத்துக்குப் போனவர்கள்

கேஸ்மென்ட் பார்க்கின் வாசல் ஆண்டர்சன்ஸ்டவுன் சாலையில் இருக்கிறது. மற்றப் பக்கங்களில் பெரும்பாலும் மூர்லாண்ட், ஓவன்வராக் தெருக்களின் வீடுகள். 2013 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சர் மார்க் டர்கன் கட்டட அனுமதி தந்தார். அவர் எஸ்.டி.எல்.பி. கட்சிக்காரர், கத்தோலிக்கத் தேசியவாதி. திட்டத்தை முன்னெடுத்த விளையாட்டுத் துறையை வைத்திருந்தவர் மற்றொரு தேசியவாதக் கட்சியான ஷின் ஃபெய்னின் கேரல் நீ குலின். வழக்குப் போட்டவர்கள் அந்த இரண்டு தெருக்களின் குடியிருப்போர் சங்கத்தார். அவர்களும் மேற்கு பெல்ஃபாஸ்ட்வாசிகளே. கேலிக் ஆட்டத்தை அவர்கள் எதிர்க்கவில்லை. அரங்கத்தின் உயரம், கூட்டம், போக்குவரத்து பற்றித்தான் வாதாடினார்கள்.

2014 டிசம்பரில் நீதிபதி ஹார்னர் அந்த அனுமதி சட்டப்படி செல்லாது என்றார்; சுற்றுப்புறத்தின் மேல் அரங்கம் உண்டாக்கும் தாக்கத்தை முறையாக மதிப்பிடவில்லை என்பது தீர்ப்பின் மையம். அடுத்த அடி 2015 ஏப்ரலில் விழுந்தது. பாதுகாப்புத் தொழில்நுட்பக் குழுவின் தலைவர் சட்டமன்றக் குழுமுன் வந்து, ஆண்டர்சன்ஸ்டவுன் சாலைப் பக்க வழி அடைபட்டால் 38,000 பேரைப் பாதுகாப்பாக வெளியேற்ற முடியாது என்று தாம் எச்சரித்ததாகவும், அதை மீறி ஒப்புதல் தரச்சொல்லி அழுத்தம் வந்ததாகவும் சாட்சி சொன்னார். அழுத்தம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் அதை மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்பது ஒருபுறமிருக்க, நான்காவது எண் போதுமா என்ற கேள்வி தீரவில்லை.

2013 முதல் 2015 வரையிலான இந்த இரண்டு ஆண்டுகள்தான் திட்டத்தை முறித்தன. அப்போது திட்டத்தையும் அனுமதியையும் கையில் வைத்திருந்த இரண்டு துறைகளின் அமைச்சர் நாற்காலிகளிலும் ஒன்றியவாதி யாரும் இல்லை. தீர்ப்பு வராமல் 2014-இல் வேலை தொடங்கியிருந்தால் 7.75 கோடியில், அல்லது அதற்குச் சற்று மேலே முடிந்திருக்கக்கூடும். சமயப் பகைதான் காரணம் என்பவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

அரசியல் தன் பங்கைப் பிறகு செய்தது. 2017 பிப்ரவரியில் 34,500 பேருக்கான திருத்திய வரைபடம் விண்ணப்பமானது. அடுத்த சில ஆண்டுகளில் மதிப்பீடு 11 கோடியை நெருங்கியது. விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்னரே, மரக்கட்டை எரிபொருள் மானிய ஊழல் விவகாரத்தில் ஷின் ஃபெய்ன் விலகியதால் மாகாண அரசு கவிழ்ந்திருந்தது. மூன்று ஆண்டுகள் கையெழுத்துப்போட அமைச்சரே இல்லை. அனுமதி 2021 ஜூலையில் உறுதியானது. அதற்கெதிரான வழக்கு 2022-இல் தள்ளுபடியானது. அதற்குள் பிரெக்ஸிட் ஏற்பாட்டை எதிர்த்து ஒன்றியவாதிகளின் டி.யு.பி. கட்சி விலகி, 2024 பிப்ரவரி வரை ஆட்சியை முடக்கியது. ஒவ்வொரு பக்கமும் ஒருமுறை கவிழ்த்தது. இதற்கிடையில் இரும்பும் சிமென்ட்டும் விலையேறிக்கொண்டே போயின.

7. யூரோ 2028

2023 அக்டோபரில் 2028 யூரோ கால்பந்துப் போட்டி பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கிடைத்தது. பத்து அரங்கங்களில் ஒன்றாகக் கேஸ்மென்டும் பட்டியலில் இருந்தது. காரணம் எளிது: இந்தப் போட்டிக்கு 30,000 இருக்கைகளாவது வேண்டும், விண்ட்சர் பார்க் அதற்குப் போதாது. விளைவுதான் விசித்திரம். வட அயர்லாந்துக் கால்பந்து அணி, இரண்டு மைலுக்குள் தனக்கென்று சொந்த அரங்கம் இருக்க, கேலிக் கழகத்தின் இன்னும் கட்டப்படாத அரங்கத்தில் ஆட வேண்டிய நிலை. அந்த அணியின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புப் பதாகைகளோடு வந்தார்கள்.

34,500 என்ற எண்ணுக்கு யூரோ புதிய நியாயத்தைத் தந்தது. இன்னொரு விதத்தில் அதுவே கழுத்தில் கட்டிய கல்லானது. தவறவிட முடியாத கெடு, ஐரோப்பியக் கால்பந்து நிர்வாகத்தின் தரக்கட்டாயங்கள், அதற்கேற்ற கட்டுமான வேகம் எல்லாம் செலவில் ஏறின. கட்டுமானக் கூட்டணியில் இருந்த பக்கிங்ஹாம் நிறுவனம் 2023-இல் நிர்வாகிகள் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் டப்ளின் அரசு 5 கோடி யூரோ தருவதாக அறிவித்தது. பழைய படிக்கட்டுகளை இடிக்கும் வேலையும் தொடங்கியது. செப்டம்பரில் லண்டன் அமைச்சர்கள் இருவர் எழுதிய கடிதம் கதையை முடித்தது. போட்டி கிடைத்த நேரத்தில் 18 கோடி பவுண்டாக இருந்த மதிப்பீடு 40 கோடியைத் தாண்டலாம், உரிய காலத்தில் முடியும் என்ற உறுதியும் இல்லை, ஆகவே யூரோ போட்டிக்கெனப் பணம் கிடையாது என்றது அது.

ஒன்றியவாத அமைச்சர்களின் வாதத்தையும் இங்கே எடைபோட வேண்டும். கேஸ்மென்டுக்குப் பொதுப்பணம் கூடினால் கால்பந்துக்கும் கூட வேண்டும் என்பது அவர்களின் நிலை. சிறிய கால்பந்து மைதானங்களுக்காக 2011-இல் ஒதுக்கிய 3.6 கோடியும் பத்தாண்டுக்கு மேல் பட்டுவாடா ஆகாமல் கிடந்தது என்பது உண்மை. அதைச் சொல்லிக் கேஸ்மென்டைத் தாமதிப்பது நியாயமா என்பது தனிக்கேள்வி. எனக்கு அது பங்கீட்டு அரசியலின் மறுபாதியாகத்தான் படுகிறது. எண்களை 2011-இல் பங்கிட்டுக்கொண்டவர்கள் 2024-இல் அவற்றின் விலையேற்றத்தையும் பங்கிடச் சொல்கிறார்கள்.

8. க்ளோனஸ் என்ற கணக்கு

2025 ஜூனில் லண்டன் அரசு தன் செலவுத் திட்டத்தில் கேஸ்மென்டுக்கு 5 கோடி பவுண்ட் ஒதுக்கியது. யூரோ போட்டி இல்லாத சூழலில் மதிப்பீடு 27 கோடியளவில் பேசப்பட்டது. மாகாண அரசின் 6.25, டப்ளினின் ஏறத்தாழ 4.3, லண்டனின் 5, கழகத்தின் 1.5 எல்லாம் சேர்ந்தால் 17 கோடி. அந்தக் கணக்கில் இன்னும் 10 கோடி குறைந்தது.

அந்தக் குறையை யார் நிரப்புவது என்பதிலேயே விவாதம் சுற்றுகிறது. எண்ணைக் குறைத்தால் என்ன என்ற கேள்வி ஓரமாகவே நிற்கிறது. எண்ணைக் குறைக்க மறுப்பதற்கு இப்போது மிஞ்சியிருக்கும் முதன்மையான விளையாட்டுக் காரணம் அல்ஸ்டர் இறுதியாட்டம்தான். ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது அது. சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் க்ளோனஸ் ஊரில், 30,000-க்குச் சற்றுக் குறைவான கொள்ளளவுள்ள அரங்கில் நடக்கிறது. அன்று ஊரின் தெரு முழுக்க மோதும் இரண்டு கவுண்டிகளின் கொடிகள். கடைக்காரர்களுக்கு அது பெரிய வியாபார நாள். 2004 முதல் 2006 வரை அந்த ஆட்டத்தை டப்ளினின் குரோக் பார்க்குக்குக் கொண்டுபோனபோது கூட்டம் கூடியது, ஆனாலும் க்ளோனஸுக்கே திரும்பியது. அதனால் இந்த வழக்கில் கேஸ்மென்டின் எதிர்த்தரப்பாக லண்டனைவிட க்ளோனஸையே முதலில் நிறுத்த வேண்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது அல்ஸ்டர் மாகாணக் கழகம்.

அன்ட்ரிமின் தேவை வேறு. மைதானம் மூடியபின் அணி கொரிகன் பார்க்குக்கே திரும்பியது. அங்கே சில ஆயிரம் பேருக்குத்தான் இடம். 2022-இல் கேவனுக்கு எதிரான அல்ஸ்டர் கேலிக் கால்பந்து ஆட்டத்தை, இடம் போதாதென்று வேறு ஊருக்கு மாற்றப் பார்த்தார்கள்; அன்ட்ரிம் ஆட்டக்காரர்கள் மறுத்து நின்று சொந்த மண்ணிலேயே ஆடினார்கள். பெல்ஃபாஸ்டின் கேலிக் ரசிகர்களுக்குச் சில ஆயிரத்துக்கும் 34,500-க்கும் இடையில் ஓர் அரங்கம் வேண்டும் என்பதை அந்த மோதலே காட்டுகிறது. 20,000 என்றால் ஆண்டர்சன்ஸ்டவுன் சாலை தாங்கக்கூடும், கவுண்டியின் பெரிய ஆட்டங்களும் அங்கேயே நடக்கும், ஆனால் அல்ஸ்டர் இறுதி க்ளோனஸிலேயே இருக்கும். அதை ஒப்புக்கொண்டால் 2011-இல் பெற்ற பங்கில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்ததுபோல் ஆகிவிடும் என்ற தயக்கம் கழகத்துக்கு இருக்கலாம். அப்படியென்றால் குறைகிற அந்த 10 கோடியில் எவ்வளவு ஆட்டத்துக்கான செலவு, எவ்வளவு அந்தப் பங்கைக் காப்பதற்கான செலவு என்று பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பும் கழகத்தையே சேரும்.